சிரிக்காத ஆசிரியர்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் ஷிப்ட் மாறும் வேளையில் நின்று பார்த்தவர்கள் அறிவர். வரிசையாய் வரும் கம்பெனிப் பேருந்துகள். அவற்றின் சன்னல்களில் சாய்ந்துறங்கும் இளம் முகங்கள். காரும் கைப்பேசியும் உருவாகும் இப்பகுதிக்குத் தென்மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த பிள்ளைகள் பலர். அவர்களுள் சிலர் ஞாயிறு திருப்பலிக்கு நம் ஆலயத்துக்கு வருவதுண்டு.

அப்படி வந்த மகள் ஒருத்தி, சென்ற ஆண்டு ஒருநாள் நம்மிடம் ஒரு தாளை நீட்டினாள். தரச் சோதனைப் பிரிவில் ஒரு பணியிடத்துக்கு ஆங்கிலத்தில் அவளே எழுதிய விண்ணப்பம். "பிழை இருந்தா பாருங்க, ஃபாதர்" என்றாள். குருமடத்தில் ஆங்கிலத்திலேயே இறையியல் பயின்றோம் அல்லவா! சிவப்பு மையால் திருத்தினோம், பக்கமே சிவந்தது. "டிப்ளமோ படித்தவளா இப்படி எழுதுவது?" என்று சிரித்தும் விட்டோம். தாளை மடித்துக்கொண்டு போனவள் பல வாரங்கள் ஆலயத்தில் தென்படவில்லை.

மீண்டும் கண்டபோது விசாரித்தோம். அந்த விண்ணப்பத்தை அவள் அனுப்பவே இல்லை; நாளும் கடந்துவிட்டது. இப்போது இரண்டாம் ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் விடுதி திரும்பிய பின்னரும், கைப்பேசியில் இணையவழி ஆங்கிலப் பயிற்சி செய்கிறாளாம். தினம் பத்துப் புதுச் சொற்கள், ஐந்து வாக்கியங்கள். பிழையென்றால் திரை சுட்டிக்காட்டும், மீண்டும் எழுதலாம். "அது சிரிக்காது, ஃபாதர்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. நமக்கோ நெஞ்சில் முள் தைத்தது.

அன்றிரவு அவள் பிழைகளை நினைத்துப் பார்த்தோம். பெரும்பாலானவை 'ஏ', 'தி' எனும் சிறு சொற்களை விட்டதால் வந்தவை. தமிழில் "கடிதம் எழுதினேன்" என்றால் போதும். எந்தக் கடிதம் என்பதை இடம் நோக்கி உணர்வோம். 'எழுதினேன்' என்ற வினையே எழுதியவர் யாரென்றும் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் இவற்றுக்குத் தனித்தனிச் சொல் வேண்டும். ஆக, நாம் சிரித்தது அவள் அறியாமையைக் கண்டன்று. அவள் எழுத்தில் பதிந்திருந்த தாய்மொழியின் சுவட்டைக் கண்டே.

இத்தாலியில் 1680-இல் பிறந்த வீரமாமுனிவர், முப்பது வயதைத் தொட்ட பின்னரே தமிழகம் வந்து தமிழ் கற்றார். தொடக்க நாள்களில் அவர் நாவும் இடறாமல் இருந்திராது. அன்று அருகிருந்தோர் பொறுமை காட்டியிராவிடில் நமக்குத் தேம்பாவணி ஏது? 1732-இன் சதுரகராதி ஏது? தாம் கற்றதோடு அவர் நிற்கவில்லை. பின்வரும் மறைபணியாளர் இடறாதிருக்கப் பேச்சுத் தமிழுக்கும் இலத்தீனில் இலக்கணம் எழுதி வைத்தார்.

அந்த மகளிடம் மன்னிப்புக் கேட்டோம். இப்போது ஞாயிறுதோறும் திருப்பலிக்குப் பின் அரைமணி நேரம் பங்கு அறையில் அமர்கிறோம். அவளோடு விடுதித் தோழியர் மூவர். வாரமெல்லாம் கைப்பேசியில் பயின்றதைக் கொண்டு ஒரு கடிதம் எழுதுவர். இலக்கணத்தைக் கைப்பேசி திருத்திவிடுகிறது. ஆனால் "இதில் நீ சொல்ல வந்தது என்னம்மா?" என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருப்பதற்கு ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது.

பெந்தகோஸ்து நாளில் தூய ஆவியார் திருத்தூதர்களுக்குப் பல மொழிகளைத் தந்தார் என்று மறையுரையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். கூடியிருந்தோர் கேலி செய்ததையும் அதே பகுதி கூறுகிறது. அந்தக் கூட்டத்தில் நாமும் ஒருநாள் நின்றோம். நம் இல்லங்களில் ஒரு பிள்ளை தட்டுத்தடுமாறி ஆங்கிலம் பேச முயலும்போது, நாம் எங்கே நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்வோமாக.