மானியத்திற்கு ஓர் ஆற்றுப்படை

பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படை என்னும் வகையைச் சேர்ந்தவை என்பதை எமது மாணாக்கர் யாவரும் படித்திருப்பர். அவற்றுள் ஒன்று அருள் வேண்டுவோனை முருகனிடத்து வழிப்படுத்துவது. ஏனைய நான்கிலும், வறுமை தீர்ந்து வரும் கலைஞன் ஒருவன் வறுமை தீராத கலைஞன் ஒருவனை வழியிலே காண்கின்றான். தான் பரிசில் பெற்ற இடத்தையும், அங்குச் செல்லும் நெறியையும், வழியிற் கிடைக்கும் உணவையும், வள்ளலின் இயல்பையும் எடுத்துக் கூறி அவனை அனுப்பி வைக்கின்றான். பரீட்சைக்காக இவ்விலக்கணத்தை மனனஞ் செய்வோர், அதனுட் பொதிந்துள்ள பண்பாட்டைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பெற்றவன் தான் பெற்ற வழியை மறைக்கவில்லை. இன்னொருவன் அங்கே சென்றால் தன் பங்கு குறையும் என்று அஞ்சவுமில்லை.

இக்காலத்திலே புலமைக்கும் பொதுப்பணிக்கும் பொருள் வழங்கும் கடமையைப் பெரும்பாலும் அரசே ஏற்றுள்ளது. ஆயினும் அன்றைய பரிசிலும் இன்றைய மானியமும் ஒன்றல்ல. மன்னன் கொடுத்தது தன் கருவூலத்திலிருந்து. அவனே அதற்கு உடையவன். அரசு கொடுப்பதோ மக்கள் செலுத்திய வரி. தீப்பெட்டி வாங்கும் கூலியாளும், பசளை மூடை வாங்கும் கமக்காரனும் அதிற் பங்காளிகள். மேலும், பரிசில் பாட்டுப் பாடி முடிந்த பின் கிடைப்பது. மானியம் வேலை தொடங்கு முன், வாக்குறுதியை நம்பிக் கொடுக்கப்படுவது. ஆகவே பரிசில் பெற்றவன் நன்றி சொன்னாற் போதும். மானியம் பெற்றவனோ கணக்குச் சொல்லவேண்டும்.

எமது நாட்டில் விஞ்ஞான ஆய்வுகளை ஊக்குவிப்பதற்கென 1968ஆம் ஆண்டில் தேசிய விஞ்ஞானப் பேரவை நிறுவப்பட்டது. அது பின்னர் வேறு பெயர்களும் வடிவங்களும் பெற்று, 1998இல் தேசிய விஞ்ஞான மன்றமாயிற்று. அடுத்த ஆண்டில் தேசிய ஆராய்ச்சிப் பேரவை தோன்றியது. தமிழ்நாட்டிலே மாநில அரசின் அறிவியல் தொழில்நுட்ப மன்றம் 1984இல் அமைக்கப்பட்டது. கல்லூரி மாணவரின் சிறு ஆய்வுகளுக்கும் அதன் உதவி உண்டு. இவ்வாறு கதவுகள் பல இருக்கவும், அவற்றை நாடிச் செல்வோர் எமது கிராமங்களில் மிகச் சிலரே. இதன் காரணத்தை நாம் நேரிற் கண்டறிந்த கதை ஒன்றுண்டு.

எம்மிடம் பயின்று, சர்வகலாசாலையில் இரசாயனத்திற் பட்டம் பெற்று ஊர் திரும்பிய இளைஞர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் மாலை எம்மைக் காண வந்தார். அவருடைய தந்தையார் வெங்காயமும் மிளகாயும் பயிரிடும் கமக்காரர். தமது கிராமத்துக் கிணறுகளின் நீரை ஓராண்டு காலம், மாரியிலும் கோடையிலும் பரிசோதிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கித் தங்குவதே எமக்குக் குடிநீர். தோட்டத்திற்கு இடும் யூரியா மண்ணிலே நைத்திரேற்றாக மாறி, அதே வழியாற் கிணற்றை அடைகின்றது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேற்படாதிருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அளவு மிகுந்த நீரிற் பால்மாக் கரைத்துக் கொடுத்தால் சிசுவின் இரத்தம் உயிர்வாயுவை ஏந்தும் ஆற்றல் குன்றும். கொதிக்க வைப்பதால் இக்கேடு நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். இளைஞரின் தமக்கையார் அப்பொழுது தலைப்பிரசவத்திற்காகத் தாய்வீடு வந்திருந்தார். அவர் கேட்ட கேள்வி ஏட்டுக் கேள்வியன்று என்பதற்கு வேறு சான்று எமக்கு வேண்டியிருக்கவில்லை.

பரிசோதனைப் பொருள்களுக்குப் பணம் வேண்டும். சமூகப் பயனுள்ள சிறு ஆய்வுகளுக்கு உதவ அரசு நிறுவனம் ஒன்று விளம்பரம் செய்திருந்தது. ஆனால் அச்செய்தி எம் காதுக்கு எட்டிய நாளில், விண்ணப்ப முடிவுத் திகதி கடந்து பதினொரு நாள்களாகிவிட்டன. வேறொரு கல்லூரியின் ஆசிரிய நண்பர் ஒருவர் முந்திய ஆண்டில் அதே மானியத்தைப் பெற்றிருந்தார் என்பதும் அப்பொழுதுதான் தெரியவந்தது. ஏன் எமக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அவரை வினவினோம். “நீங்கள் கேட்கவில்லையே” என்றார் அவர். அவர் கெட்டவரல்லர். வழியைச் சொல்வதும் தமது கடமையின் ஒரு பகுதி என்று அவருக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை, அவ்வளவே. ஆற்றுப்படையைப் பாடமாகப் படித்த சமுதாயத்தில் இவ்வாறு நிகழ்வது எம்மை வருத்தியது.

மறு ஆண்டு விளம்பரம் வந்தபொழுது வேறொரு தடை எழுந்தது. இளைஞரின் தந்தையார் எமது வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்து, “மாஸ்ரர், அரசாங்கக் காசு எடுத்தால் சதத்துக்குச் சதம் கணக்குக் காட்டவேணும். சோதனை பிழைச்சுப் போனால் பிள்ளையின்ரை பேர் கெட்டுப்போம். உந்தக் கடன் எங்களுக்கு வேண்டாம்” என்றார். கடன் வாங்காது வாழ்ந்த மனிதரின் பேச்சு அது. அதனை நகைத்து ஒதுக்க எமக்கு மனம் வரவில்லை. அவருக்கு நாம் மூன்று வரலாறுகளைச் சொன்னோம்.

முதலாவது இராமானுசனுடையது. சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாச் சம்பளத்திற் கணக்கெழுதிக் கொண்டிருந்த அவருக்கு, 1913ஆம் ஆண்டு மே மாதம் முதலாகச் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபா ஆராய்ச்சிப் புலமைப்பரிசில் அளித்தது. அவரிடம் பட்டம் எதுவும் இல்லை. விதிப்படி நோக்கினால் அவர் தகுதியற்றவர். ஆயினும் விதியின் நோக்கத்தை உணர்ந்த பெரியோர் சிலர் அதற்கு வழி கண்டனர். ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது: மூன்று மாதத்திற்கு ஒருமுறை தாம் செய்த வேலையை எழுதிக் கொடுத்தல் வேண்டும். 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேறு முன் அவ்வாறு மூன்று அறிக்கைகளை அவர் கொடுத்துச் சென்றார். அவை இன்றும் கணித அறிஞரால் ஆராயப்படுகின்றன. கணக்குச் சொல்லுதல் அந்த மேதைக்கு இழுக்காகவில்லை என்றோம்.

இரண்டாவது, எமது கல்லூரி நூலகத்தின் அலுமாரியில் ஏழு பாகங்களாக நிற்கும் தமிழ்ப் பேரகராதியின் வரலாறு. யாழ்ப்பாணத்தில் நைற் பாதிரியார் தொடக்கிய சொற்றொகுப்பை அடியாகக் கொண்டு, வின்சிலோ பாதிரியார் 1862இல் அகராதி ஒன்றை வெளியிட்டார். அதனைத் திருத்தி விரிக்கும் எண்ணமே பேரகராதிக்கு வித்து. சென்னை அரசாங்கத்தின் ஆதரவுடன், ஒரு இலட்சம் ரூபாச் செலவில், ஐந்து ஆண்டுகளில் முடியும் என மதிப்பிட்டு, 1913இற் சாந்தலர் பாதிரியார் தலைமையில் வேலை தொடங்கிற்று. முதற்பகுதி வெளிவந்ததே 1924இல். ஆறாம் பாகம் நிறைவுற்றது வையாபுரிப்பிள்ளை அவர்களின் காலத்தில், 1936இல். அநுபந்தம் 1939இல் வந்தது. செலவோ நான்கு இலட்சத்துப் பதினாயிரம் ரூபாவை எட்டியது. ஐந்தாம் ஆண்டிலே பொறுமையிழந்து கையை விரித்திருந்தால், இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்களைத் தாங்கும் அந்நூல் எமக்குக் கிடைத்திராது. கேட்பவனுக்குக் கணக்கு எவ்வளவு இன்றியமையாததோ, கொடுப்பவனுக்குப் பொறுமையும் அவ்வளவு இன்றியமையாதது.

மூன்றாவது ஒரு தோல்வியின் வரலாறு. பறக்கும் பொறி செய்வதற்காக அமெரிக்க அரசின் போர்த் திணைக்களம் 1898இல் லாங்லே என்னும் பேரறிஞருக்கு 50,000 டொலர் கொடுத்தது. 1903ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் அப்பொறி ஆற்றில் வீழ்ந்தது. ஒன்பது நாள்களின் பின், சைக்கிள் கடை வைத்திருந்த றைற் சகோதரர் சொந்தப் பணத்திற் செய்த விமானத்திற் பறந்தனர். பணம் வெற்றிக்கு ஈடன்று என்பது உண்மையே. ஆயின் லாங்லேயை எவரும் திருடன் என்று கூறவில்லை. ஆய்வு பொய்த்தல் குற்றமன்று; கணக்குப் பொய்த்தலே குற்றம். இதனைக் கேட்டபின் அம்முதியவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, “கணக்குக் கொப்பியை நான் எழுதுவன்” என்றார்.

அதன்பின் மூன்று கிழமைகள் இளைஞரும் நாமும் விண்ணப்பத்துடன் போராடினோம். ‘இவ்வாய்வின் நோக்கம் யாது?’ என்னும் முதற் கேள்விக்கு அவர் நான்கு பக்கம் எழுதினார். அதனை நான்கு வரியாகக் குறைத்தபொழுதுதான் தாம் உண்மையிற் கேட்பது என்ன என்பது அவருக்கே விளங்கிற்று. எத்தனை கிணறுகள், எந்த மாதங்கள், ஒவ்வொரு பரிசோதனைக்கும் எவ்வளவு செலவு, நீர் அள்ளும் போத்தலை எவ்வாறு கழுவுவது, முடிவு எவருக்கு அறிவிக்கப்படும் என ஒவ்வொன்றாக எழுத வேண்டியிருந்தது. இருபது ஆண்டுகளாகக் கட்டுரை எழுதும் முறையை வகுப்பிலே கற்பித்து வருகின்றோம். அந்த ஒரு விண்ணப்பப் பத்திரம் புகட்டிய தெளிவை எமது கட்டுரைத் தலைப்புக்கள் எவையும் புகட்டியதாக எமக்குத் தோன்றவில்லை.

மானியம் கிடைக்கவில்லை. மறுமொழிக் கடிதத்தில் இரண்டு காரணங்கள் கூறப்பட்டிருந்தன: தோட்டத்திலிருந்து தூரத்தே உள்ள கிணறுகளை ஒப்பீட்டிற்குச் சேர்க்கவில்லை, முடிவுகளைச் சரிபார்க்க வேறோர் ஆய்வுகூடத்தின் உடன்பாடு இல்லை. இளைஞர் மனமுடைந்தார். நாம் அக்கடிதத்தை மீண்டும் மீண்டும் படித்தோம். மறுக்கப்பட்டோம் என்ற வருத்தம் தணிந்தபின், இரண்டு காரணங்களும் நியாயமானவை என்பது புலனாயிற்று. முன்பின் அறியாத ஒருவர் எமது எண்ணத்தைப் பொறுமையுடன் படித்து, அதன் ஓட்டைகளைக் காட்டியிருந்தார். ஊர்ச் சனசமூக நிலையத்தார் சேர்த்துத் தந்த சிறுதொகையுடன், கிணறுகளின் எண்ணிக்கையைப் பன்னிரண்டாகக் குறைத்து, தோட்டத்திற்கு அயலே ஆறும் தூரத்தே ஆறுமாக வேலை தொடங்கிற்று. சர்வகலாசாலையில் அவருக்குக் கற்பித்த விரிவுரையாளர் ஒருவர் பரிசோதனைக்கு இடமளித்தார். இளைஞரின் வீட்டுக் கிணறு அளவு மிகுந்தவற்றுள் ஒன்று. தமக்கையாரின் குழந்தைக்கு இரண்டு வீதி தள்ளியுள்ள கோயிற் கிணற்று நீர் குடத்தில் வந்தது. அம்முடிவுகளை இணைத்து அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பித்தார். அம்முறை, கேட்ட தொகையில் ஒரு பகுதி கிடைத்தது. கணக்குக் கொப்பியைத் தந்தையாரே எழுதினார்.

பொதுப்பணி மானியங்களிலும் இம்முறையே செல்லும். தமிழ்நாட்டிலே 1997இல் தொடங்கிய ‘நமக்கு நாமே’ திட்டத்தில், ஊர்மக்கள் ஒரு பங்கைத் தாமே முன்வந்து தந்தால், மிகுதியை அரசு ஈந்து பள்ளிக் கட்டடம், குளம், பாதை முதலியவற்றுக்கு உதவும் ஏற்பாடு இருந்தது. வெறுங்கையோடு சென்று கேட்பவனிலும், தன் பங்கைக் கையிலேந்திச் செல்பவனின் கேள்விக்கு வலிமை அதிகம். பன்னிரண்டு கிணறுகளின் கணக்கே இளைஞர் இரண்டாம் முறை ஏந்திச் சென்ற பங்காகும்.

ஆகவே, இதனைப் படிக்கும் மாணாக்கருக்கும் பெற்றோருக்கும் நாம் வேண்டுவது இதுவே. உங்கள் ஊரில் விடை காணப்படாத கேள்வி ஒன்றிருந்தால், அதனை நான்கு வரியில் எழுதிப் பாருங்கள். அதனைத் தீர்ப்பதற்குரிய செலவை உண்மையாகக் கணக்கிடுங்கள். மறுப்புக் கடிதத்தைக் கிழித்தெறியாதீர்கள். மானியம் பெற்றால், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வழியைச் சொல்லுங்கள். எமது கல்லூரி நூலகத்தின் மேசைமேல் இப்பொழுது தடித்த கொப்பி ஒன்று கிடக்கின்றது. எந்த நிறுவனம் எதற்கு மானியம் வழங்குகின்றது, முடிவுத் திகதி எது, விண்ணப்பித்தவரிடம் என்னென்ன கேட்கப்பட்டன என்பவற்றை அறிந்தோர் அதில் எழுதுகின்றனர். முதற் பக்கம் அவ்விளைஞருடைய கையெழுத்து. “நீங்கள் கேட்கவில்லையே” என்ற நண்பருக்கும் செய்தி அனுப்பினோம். அவர் ஒரு சனிக்கிழமை வந்திருந்து மூன்று பக்கங்கள் எழுதிவிட்டுச் சென்றார்.