குரூப் ரூல்ஸ்: இங்கே சாதி பேசக் கூடாது

எங்கள் நகர்க் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் காலை ஐந்தரைக்கு முதல் 'இனிய காலை வணக்கம்' வந்துவிடும். ரோஜாப்பூ, பக்கத்தில் ஆவி பறக்கும் காப்பி, பின்னால் சூரியன். அனுப்புகிறவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அதற்கான பதில் வணக்கங்கள் ஏழு மணி வரை ஓடும். நடுவில் யாராவது 'கரண்ட் போச்சு, உங்க பக்கமும் போச்சா?' என்று கேட்டால் அதற்கும் ஒரு ரோஜாப்பூதான் பதில். ஒருமுறை தன் பாட்டி இறந்த செய்தியைப் பேரன் ஒருவர் போட்டார். அதற்கு மேலே வேறொருவரின் பிறந்தநாள் வாழ்த்து ஓடிக்கொண்டிருந்தது. அந்த வேகத்தில் மூன்று பேர் 'மென்மேலும் வளர வாழ்த்துகள்' என்று போட்டுவிட்டார்கள். அழிக்க நினைத்த ஒருவர் அதைத் தன் திரையிலிருந்து மட்டும் அழித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டார்.

தென்காசிக்காரர்களின் குழுக்களுக்கு இது தவிர ஒரு தனி வேலையும் உண்டு. ஜூன் பிறந்து சாரல் விழ ஆரம்பித்ததும் உலகத்தில் இருக்கிற சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் நம் ஞாபகம் வந்துவிடும். ஐந்தருவியில் அஞ்சும் விழுதா, மூணுதான் விழுதா? மெயின் அருவியில் ஆர்ச்சைத் தொட்டு விழுதா? குழுவில் கேட்டால் ஒருவர் 'செம தண்ணி' என்பார், அடுத்தவர் 'குளிக்கத் தடை' என்பார், மூன்றாமவர் 2015இல் தான் எடுத்த புகைப்படத்தைப் போடுவார். கேட்டவர் எதையும் நம்பாமல் கிளம்பி வந்துவிடுவார். அவருக்கு மதியச் சாப்பாடு நம் வீட்டில்.

சிரிப்பு இங்கே கொஞ்சம் நிற்கிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். ஜனங்கள் அலறிக்கொண்டு ஓடும் அந்தக் காணொளிக்கு இன்றுவரை ஓய்வு கிடையாது. தூறல் போட்டால் போதும், 'சற்று முன்' என்ற தலைப்போடு வந்துவிடும். அந்தப் பையனின் வீட்டிலும் போன் இருக்கும், அவர்களும் ஏதாவது ஒரு குழுவில் இருப்பார்கள் என்ற நினைப்பு அனுப்புகிற விரலுக்கு வருவதே இல்லை.

இதே விரல்தான் 'சந்தேகத்துக்கு இடமான நபர், உஷார்' என்று பாசிமணி விற்க வந்த பெண்ணின் முகத்தையும் படம் எடுத்துப் போடுகிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில் குலதெய்வம் கும்பிடப் போன குடும்பம் ஒன்று வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தியை நம்பிய கூட்டம் அவர்களை அடித்தது. வயதான ஒரு பெண் செத்தே போனார். இப்படி நாடு முழுக்க நடந்த கொலைகளுக்குப் பிறகுதான், அதே வருடம் ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு வந்தது. எங்கள் குழுவில் ஐந்து ஐந்தாக அனுப்புகிறார்கள்.

சரி, ரூல்ஸுக்கு வருகிறேன். குழுவின் முகப்பிலேயே எழுதியிருக்கும்: அரசியல், சாதி, மதம் பேசக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சங்க மாநாட்டுப் போஸ்டர் வரும். அது 'விழா அழைப்பு'. குருபூஜைக்குப் போகும் வேன்களின் படம் வரும். அது 'நம்ம ஊர்ப் பசங்க'. வாடகைக்கு வீடு என்று போட்டு அடியில் 'நம்ம ஆட்களுக்கு மட்டும்' என்றோ 'சைவம் மட்டும்' என்றோ எழுதுவார்கள். அது 'வீட்டுக்காரர் விருப்பம்'. வரன் பார்க்கும் பதிவில் உட்பிரிவு வரை இருக்கும், அது 'தகவல்'. இது எதுவும் சாதி இல்லையாம்.

ஒரு ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் படம் ஒன்றைப் போட்டேன். பெயர், பிறந்த தேதி, வாழ்த்து. ஒரு முழக்கம்கூட இல்லை. அன்றுதான் சித்திரை ஒன்றும். தட்டில் மாம்பழம், வெள்ளரிக்காய், கண்ணாடி, தங்கச் சங்கிலி என்று கனி காணும் படங்கள் அறுபதுக்கு மேல் குவிந்து கிடந்தன. அந்தக் குவியலில் என் படம் 11 நிமிடம் இருந்தது. பிறகு 'அட்மினால் நீக்கப்பட்டது' என்ற வரி மட்டும். கூடவே தனிச்செய்தி: "தப்பா நினைக்காதீங்க மேடம். நம்ம குரூப்ல சாதி வேண்டாம்னு பாக்கோம்."

2022இல் தமிழக அரசு அந்த நாளைச் சமத்துவ நாளாக அறிவித்தது. அரசு அலுவலகங்களில் உறுதிமொழி எடுக்கிறார்கள். எங்கள் அட்மின் அரசு ஊழியர். அவரும் வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்திருப்பார், ஒருவேளை அதே வாரத்தில். அதைத்தான் பதிலாக எழுதினேன். ஒரு கைகூப்பும் பொம்மை வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று சமூகவியலில் முதுகலை முடித்த எனக்கு இன்னமும் விளங்கவில்லை.

படம் போனது பெரிய இழப்பு இல்லை. அம்பேத்கருக்கு எங்கள் குழுவில் இடம் பிடித்துக் கொடுக்க வேண்டிய நிலை வரவில்லை. என்னை உறுத்துவது வேறு. குழுவின் பெயரில் நகரின் பெயர் இருக்கிறது. ஆனால் வாய்க்காலுக்குத் தெற்கே இருக்கும் மூன்று தெருக்காரர்கள் அதில் இல்லை. வரி கட்டுவதும் வார்டு எண்ணும் ஓட்டுச்சாவடியும் ஒன்றுதான். கேட்டபோதெல்லாம் 'குரூப் ஃபுல் மேடம்' என்றார்கள். ஒரு காலத்தில் அது உண்மையாகவும் இருந்திருக்கலாம். ஒரு குழுவில் 256 பேர்தான் இருக்க முடியும். 2022இல் அது 512 ஆகி, அந்த வருடம் முடிவதற்குள் 1024 ஆகிவிட்டது. கம்பெனிக்காரன் கதவை நான்கு மடங்கு அகலமாக்கியும் வாய்க்கால் மட்டும் அதே இடத்தில் ஓடுகிறது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. எங்கள் குழுவில் அந்தச் சொல்லை யாரும் பயன்படுத்துவதில்லை. 'அந்தப் பக்கம்' என்கிறார்கள்.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். மகளிர் உரிமைத் தொகைக்கு விடுபட்டவர்கள் மனு கொடுக்க ஒரு முகாம் வந்தது. மண்டபத்தில் என்று முதலில் சொல்லி, முந்தின நாள் ராத்திரி பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். மாற்றிய செய்தி வந்தது இந்தக் குழுவில் மட்டும். மறுநாள் தெற்குத் தெருப் பெண்கள் பதினாலு பேர், அன்றைய கூலியை விட்டுவிட்டு, பூட்டிய மண்டபத்தின் முன்னால் ஒன்றரை மணி நேரம் நின்றார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் அவர்கள் வீட்டில் என்னவெல்லாம் செய்யும் என்று இதைப் படிக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது இன்னும் மோசம். எங்கள் பகுதியில் குப்பை எடுக்கும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஒருவர், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். மணி காலை ஒன்பதே முக்கால். அவர் வேலையை ஆரம்பித்தது ஐந்தரைக்கு. ரோஜாப்பூ வரும் அதே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடியிலிருந்து யாரோ படம் எடுத்து, 'நம்ம வரிப்பணத்தில் டீ பார்ட்டி' என்று போட்டார். இருபத்து மூன்று சிரிக்கும் பொம்மைகள். அதற்கு அடியில் ஒருவர், அவர் எந்தத் தெரு, 'இவங்களே இப்படித்தான்' என்று எழுதினார். இன்னொருவர் படத்தை மேஸ்திரிக்கு அனுப்பினார். அந்த அண்ணனுக்கு இரண்டு நாள் சம்பளம் போனது. அவரிடம் இருப்பது பட்டன் போன். தான் எதற்காகத் தண்டிக்கப்பட்டோம் என்பதை நான் காட்டித்தான் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "டீ அவங்க வாங்கித் தந்ததில்லையே மேடம்" என்றார்.

குழுவில் கேட்டேன். தலைமையாசிரியர் ஆறு நிமிடக் குரல் பதிவு அனுப்பினார். சாரம் இதுதான்: இது நம் குடும்பம் மாதிரி, நாலு சுவருக்குள் பேசுகிறோம், வெளியே கொண்டு போகக் கூடாது. அந்தப் படம் வெளியே போய் ஒருவரின் கூலியைப் பிடித்துவிட்டு வந்ததைப் பற்றி ஆறு நிமிடத்தில் ஒரு வார்த்தை இல்லை.

தோழர்கள் நிதானமாக யோசிக்க வேண்டிய இடம் இது. குழு என்பது வீடா, தெருவா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், இழிவுபடுத்துவது 'பொதுப் பார்வையில்' நடந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. யாரும் இல்லாமல் வீட்டின் நாலு சுவருக்குள் நடந்த வசவு இதில் வராது என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. 2022 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம், யூடியூபில் ஏற்றப்பட்ட ஒரு பேட்டி பற்றிய வழக்கில், அதை யார் எப்போது திறந்து பார்த்தாலும் பாதிக்கப்பட்டவர் அங்கே இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்றது. இருநூற்றுச் சொச்சம் பேர் இருக்கும் மூடிய குழு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. யார் யார் இருக்கிறார்கள், எத்தனை பேர் வெளியாட்கள் என்பதையெல்லாம் வைத்து வழக்குக்கு வழக்கு வாதிட வேண்டியிருக்கும். அட்மினைக் கண்டு மிரளவும் வேண்டாம், அவரை மட்டும் பிடித்துத் தொங்கவும் வேண்டாம். அட்மினாக இருந்தார் என்ற ஒன்றுக்காகவே ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று 2021 டிசம்பரில் மதுரைக் கிளையும் சொல்லியிருக்கிறது. எழுதியவர் யார் என்று பாருங்கள்.

நம் மாவட்டத்துக் கதையே இருக்கிறது. சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில், 2022 செப்டம்பரில், தின்பண்டம் வாங்க வந்த தலித் பிள்ளைகளிடம் ஊர்க்கட்டுப்பாடு இருக்கிறது, இனி உங்களுக்கு எதுவும் தர மாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று திருப்பி அனுப்பினார் கடைக்காரர். காணொளியை நாம் எடுக்கவில்லை. அவரே எடுத்தார். அது வாட்ஸ்அப்பில் சுற்றியது. அந்தத் துணிச்சல் எங்கிருந்து வருகிறது? பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் நம்மவர்கள், இது நம் வீடு என்ற நினைப்பிலிருந்துதான். எங்கள் தலைமையாசிரியர் சொன்ன அதே நாலு சுவர். காணொளி வெளியே வந்ததும் கடைக்குச் சீல் வைத்தார்கள், கைது செய்தார்கள். அரிதாகவே கையில் எடுக்கப்படும் ஊர்விலக்குப் பிரிவைக் காவல்துறை பயன்படுத்தியது. ஐந்து பேர் ஆறு மாதம் அந்த ஊருக்குள் நுழையக் கூடாது என்று நெல்லைச் சிறப்பு நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊர்க்கட்டுப்பாடு போட்டவர்களுக்கு ஊருக்குள் வரத் தடை. சட்டத்துக்கும் எப்போதாவது நகைச்சுவை உணர்வு வரும்போலிருக்கிறது.

ஆகவே, கோபத்தில் குழுவை விட்டு வெளியேறாதீர்கள். எத்தனையோ தோழர்கள் 'தூ' என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு வெளியேறுகிறார்கள். வெளியேறிய நிமிடம் அங்கே அடுத்து நடப்பதற்குச் சாட்சி இல்லை. ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது அனுப்பியவரின் எண், தேதி, நேரம், குழுவின் பெயர் தெரிய வேண்டும். முடிந்தால் உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து வையுங்கள். போனை மாற்றாதீர்கள், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழுக்கு மூலக் கருவி எது என்ற கேள்வி வரும். தானாக மறையும் செய்தி வசதியைத் திடீரென்று ஒரு குழுவில் போடுகிறார்கள் என்றால், ஏன் என்று கேளுங்கள்.

நம் குழுக்கள் மட்டும் என்ன வாழ்கிறது என்றும் சொல்லிவிட வேண்டும். ஒரு வன்கொடுமைச் செய்தி வந்தால் முந்நூறு நீல முஷ்டிகள் வருகின்றன. மருத்துவமனைக்கு யார் போவது என்று கேட்டால் நிசப்தம். ஒரு மாவட்டத்துக்கு ஒரு குழு என்று ஆரம்பித்து, மூன்று மாதத்தில் 'அசல்', 'உண்மையான', 'ஒருங்கிணைந்த' என்று மூன்றாகிவிடும். மூன்றிலும் நான் இருக்கிறேன், மூன்றிலும் அதே முஷ்டிதான். மூன்றிலும் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ண ஒரு கை போதும். பதினெட்டு வயதுப் பையன் அரிவாள் ஸ்டிக்கர் வைத்தால் அவர்கள் குழுவில் 'நம்ம ஊர்ப் பசங்க', நம் குழுவில் 'தம்பி தீயா இருக்கான்'. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனை வீடு புகுந்து வெட்டியவர்களும் பள்ளிப் பிள்ளைகள்தான். அரிவாள் ஸ்டிக்கருக்கு எந்தக் குழுவிலும் தம்ஸ்அப் போடாதீர்கள்.

தெற்குத் தெருவில் கல்லூரி படிக்கும் மூன்று பெண்பிள்ளைகள் போன மழைக்காலத்தில் தனியாக ஒரு குழு ஆரம்பித்தார்கள். பெயர் 'தண்ணி வந்தாச்சு'. 41 பேர். காலை வணக்கம் கிடையாது, யாராவது போட்டால் ஒரு நாள் தடை. முகாம், ரேஷன், ரத்தம் தேவை, தண்ணி, அவ்வளவுதான். குப்பை வண்டி அண்ணனுக்குப் போன் இல்லாததால் அவர் மகள் சேர்ந்திருக்கிறாள். இதில் யாரும் திட்டமிடாத ஒன்று நடந்துவிட்டது. குடிநீர்க் குழாய் வால்வைத் திறந்துவிடுகிறவர் குடியிருப்பது அந்தத் தெருவில். தண்ணீர் எப்போது வரும், எத்தனை நாள் வராது, எங்கே குழாய் உடைந்திருக்கிறது எல்லாம் முதலில் அங்கேதான் தெரியும்.

இப்போது பெரிய குழுவிலிருந்து எனக்குத் தனிச்செய்திகள் வருகின்றன. போன வாரம் தலைமையாசிரியரே அனுப்பியிருந்தார். ரோஜாப்பூ இல்லை. "மேடம், மோட்டார் போடணும், தண்ணி எப்போன்னு அந்தப் பிள்ளைகள்ட்ட கேட்டுச் சொல்ல முடியுமா?"

கேட்டேன். அந்தப் பிள்ளை பதில் போட்டாள்: "ஆறே காலுக்கு, அக்கா. ஆனா குரூப் ஃபுல்லுன்னு சொல்லிருங்க."