கைமணமும் கணக்கேடும்



நம் இல்லங்களில் சமையற்கலைக்குக் குறைவில்லை. தஞ்சாவூருக்கும் கும்பகோணத்திற்கும் இடையே அய்யம்பேட்டை, பண்டாரவாடை, ராஜகிரி என்று எந்த ஊருக்குச் சென்றாலும், பெருநாள் காலையில் இடியாப்பத்தோடு வட்டிலப்பம் மணக்கும். ஆனால், 'உன் கைமணமே தனி!' என்னும் பாராட்டோடு அந்தக் கலை அடுக்களையிலேயே நின்றுவிடுகிறதே, ஏன்?

என் கணவர் வளைகுடா வேலை முடிந்து ஊர் திரும்பிய ஆண்டில், இது என் வீட்டுக் கேள்வியாயிற்று. மாதந்தோறும் வந்த பணம் நின்றது. பிள்ளைகளின் படிப்புச் செலவு நிற்கவில்லை. என் கையில் இருந்ததோ, மாமி கற்றுத்தந்த தம்ரூட் ஒன்றுதான்.

முதல் தடை அடுப்பில் இல்லை, நாவில் இருந்தது. உறவினரிடம் விலை சொல்ல நா எழவில்லை. ஒரு வீட்டார் சாமான்களை மட்டும் வாங்கித் தந்துவிட்டு, "குடும்பத்துக்குள் கூலி என்ன கூலி?" என்று சிரித்து முடித்தனர். அன்றிரவே ஒரு நோட்டை எடுத்து எழுதினேன்: ரவை, பால், முட்டை, சர்க்கரை, நெய், முந்திரி. அடுத்து எரிவாயு, அட்டைப்பெட்டி, பேருந்துக் கட்டணம். கடைசி வரியில் என் மூன்று மணி நேர உழைப்பு. அந்த வரியையும் சேர்த்து வந்த தொகையே விலை என்று உறுதி செய்தேன். அண்டை வீட்டுக்கு அனுப்பும் தட்டு அன்று முதல் இன்று வரை அன்பளிப்பாகவே செல்கிறது. அதன் செலவை என் இலாபத்தில் எழுதுகிறேன். ஈகையையும் வியாபாரத்தையும் ஒரே பாத்திரத்தில் கலக்காதிருந்தால் இரண்டும் கெடுவதில்லை.

அடுத்தது, எதை விற்பது என்பது. வட்டிலப்பம் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தது. வெயில் நாளில் அன்றே உண்டு முடிக்க வேண்டும். ஆகவே, அதை உள்ளூரில், முன்கூட்டிச் சொல்பவர்க்கு மட்டுமே செய்கிறேன். தம்ரூட் ஈரம் வற்ற வெந்தது. சில நாள் தாங்கும். கீழக்கரைத் தொதலோ, எண்ணெய் பிரியும் வரை கிண்டப்படுவதால் இன்னும் பல நாள் இருக்கும். வெளியூர் செல்லும் பெட்டியில் எது இடம்பெறலாம் என்பதை நம் ஆசை அன்று, பண்டத்தின் ஆயுளே தீர்மானிக்க வேண்டும்.

இது நமக்கு மட்டும் உரிய வழியன்று. பிலிப்பைன்ஸ் நாடும் நம் காவிரிக்கரையைப் போல் நெல்லும் தென்னையும் விளையும் பூமி. அங்கே அரிசிமாவில் தேங்காய்ப்பால் சேர்த்து, வாழையிலை விரித்த சட்டியில் ஊற்றி, மேலும் கீழும் தணலிட்டு 'பிபிங்கா' செய்கின்றனர். மூடியின்மேல் தணலிட்டு நம் பாட்டிமார் தம்ரூட் செய்த முறையும் இதுவே அன்றோ! அந்நாட்டின் தென்பகுதி முஸ்லிம்கள் கிண்டும் 'தோதோல்' நம் தொதலுக்கு உறவே. அங்கே இத்தகைய பண்டங்களை வீட்டிலேயே செய்து விற்று இல்லம் நடத்தும் பெண்கள் உண்டு. நம் நாட்டிலும், 1959இல் மும்பையில் 7 பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டைமாடியில் தொடங்கிய அப்பளத் தொழில்தான் 'லிஜ்ஜத்' ஆயிற்று. இன்று பல்லாயிரம் பெண்களுக்கு அது வேலை தருகிறது.

ஒன்றை மறவாதீர். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 முதல் நடைமுறையில் உள்ளது. வீட்டில் செய்து விற்பவரும் அதன்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். பெட்டியின்மேல் செய்த தேதியையும் சேர்மானங்களையும் எழுதுங்கள். முட்டை சேர்ந்திருப்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். எடையில் ஒரு துண்டு கூடலாம், குறையலாகாது.

இன்று என் நோட்டு மூன்றாவது புத்தகமாக வளர்ந்திருக்கிறது. மூத்த மகளின் கல்லூரிக் கட்டணம் அதிலிருந்தே செல்கிறது, அல்ஹம்துலில்லாஹ். பெரிய கடையும் பெரிய முதலும் வேண்டும் என்று காத்திராதீர்கள். உங்களுக்கு நன்கு வரும் ஒரே பண்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோவுக்கு என்ன அடங்குகிறது என்று இந்த வாரமே எழுதிப் பாருங்கள். உங்கள் உழைப்பிற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். அல்லாஹ் உங்கள் முயற்சியில் பரக்கத் செய்வானாக!