தெலுக் இந்தானில் ஒரு கோடாலி

தெலுக் இந்தான் போகிறீர்களா? 1885-இல் கட்டிய சாய்ந்த கோபுரத்தைக் கண்குளிரப் பாருங்கள். நான் போனது கோடாலி வாங்க.

அப்பா பழைய கோடாலியின் தளர்ந்த தலையைத் தண்ணீரில் ஊறவைத்தே ஓட்டிவந்தார். காய்ந்தால் மரம் சுருங்காதா? ஒருநாள் தலை கழன்று பறந்து, விறகு பொறுக்கிய தம்பியின் காலடியில் விழுந்தது.

இரும்புக்கடையில் தவுக்கே பளபளப்பானதையே நீட்டினார். மயங்காதீர்கள்! காம்பின் அடிமுனையைத் திருப்பிப் பாருங்கள். மர இழை, கோடாலியின் வாய் நிற்கும் வாக்கிலேயே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் முறியும். சாயம் பூசிய காம்பில் இழையே தெரியாது. பால்மரக் காம்பும் வேண்டாம், பூச்சி அரிக்கும். ஆப்பு இறுகியிருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். விறகுக்கு ஒன்றரைக் கிலோ தலை போதும். கோழிக்கூட்டு வேலைக்குக் கைக்கோடாலி.

சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்து வந்தேன். தம்பி ஆசையாய்க் கை நீட்டினான். கொடுக்குமுன் இன்னொரு முறை ஆட்டிப் பார்த்தேன்.