பூட்டு மூடி

எங்கள் வீட்டு மொறிஸ் மைனர் காருக்கு என்னைவிட வயது அதிகம். 1958ஆம் ஆண்டில் உருவான அதனைத் தந்தையார் 1974இல் ஒருவரிடமிருந்து பாவித்த காராக வாங்கினார். அலெக் இசிகோனிஸ் என்பவர் வரைந்தமைத்து, 1948இல் இலண்டன் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்ட இனம் இது. பிரித்தானியக் கார்களுள் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை முதலில் எட்டியதும் இதுவே. காரைநகரில் எங்கள் ஒழுங்கையில் எஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான்.

1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடையாதிருந்த நாள்களில், இது மண்ணெண்ணெயில் ஓடியது. காபரேற்றருக்குள் சிறிது பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை ஒழுங்கையை நிறைக்கும். சிறுவர்களாகிய நாங்கள் அதற்குள் ஓடி விளையாடுவோம். அக்காலத்தில் அதனை ஓடவைத்துத் தந்தவர் மூளாயிற் சிறு கராச் வைத்திருக்கும் ஒருவர். தந்தையாருக்கு அவர் 'தம்பி', எனக்கு 'அண்ணை'. தந்தையார் காலமாகுமுன், "காரை அவனிட்டையே விடு" என்று சொன்னார். அந்தச் சொல்லை நான் காப்பாற்றவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

2023ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் நோய் தொடங்கியது. வீட்டிலிருந்து புறப்படும்போது எஞ்சின் பூனை உறுமுவது போல் மெதுவாக உறுமும். மூன்று மைல் சென்று பொன்னாலைப் பாலத்தில் ஏறியதும் இழுவை குறையும். அக்சிலறேற்றரை எவ்வளவு மிதித்தாலும் வேகம் வராது. இரண்டு குலுக்கல் குலுக்கிவிட்டு நின்றுவிடும். பத்து நிமிடம் பொறுத்தால், ஒன்றுமே நடவாதது போல மீண்டும் ஓடும். மானிப்பாயை அடையுமுன் இன்னொருமுறை நிற்கும். மாதந்தோறும் அம்மாவை யாழ்ப்பாணத்திற்குக் கண் சிகிச்சைக்குக் கொண்டு செல்பவன் நான். எண்பது வயதுத் தாயை நடுப்பாலத்தில், இருபுறமும் கடல் கிடக்க, வெயிலில் இருத்திவைத்துப் பொனற்றைத் திறந்து பார்ப்பவனுக்கு என்ன ஞானம் தோன்றும்?

அண்ணை வந்து பார்த்தார். நிற்கும் வேளையில் பெற்றோல் பம்பின் 'டிக் டிக்' ஓசை தளர்ந்து போவதைக் கண்டு, பம்பைக் கழற்றி அதன் பொயின்ருகளைத் துடைத்துப் பூட்டினார். கார் ஓடியது. நான்கு நாளில் மறுபடியும் நின்றது. இன்னொருமுறை பார்த்தார், இன்னொருமுறை நின்றது. எனக்குப் பொறுமை போயிற்று. அவருக்கு வயதாகிவிட்டது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, பட்டணத்திலுள்ள பெரிய வேலைத்தலம் ஒன்றுக்குக் காரைக் கொண்டுபோனேன்.

அங்கே, சூடேறியபின் நின்று ஆறியபின் ஓடுவதால் மின்பொறிக் கோளாறே என்றார்கள். கொயில், கொண்டென்சர், நான்கு பிளக்குகள் எல்லாம் ஒரே நாளில் மாற்றப்பட்டன. குறை தீரவில்லை. அடுத்து, தாங்கியினுள் மண்ணெண்ணெய்க் காலத்துக் கசடு இருக்கும் என்று அதனை இறக்கிக் கழுவி, ஐந்து லீற்றர் பெற்றோல் விட்டுத் தந்தார்கள். மூன்று நாள் எங்கும் நிற்காமல் ஓடியது. மகிழ்ச்சியோடு இருபத்தெட்டாயிரம் ரூபாவைக் கொடுத்து, அன்று மாலையே தாங்கியை நிரப்பினேன். மறுநாட் காலை, அதே பாலம்.

பத்து நிமிட ஓய்வு ஒரு பொல்லாத சாட்சி. அந்தப் பத்து நிமிடத்தில் நாம் எதைத் தொட்டோமோ அதுவே மருந்தாகிவிடுகிறது. பிளக்கைத் துடைத்தால் பிளக். கொயிலில் ஈரத்துணி போட்டால் கொயில். அத்தோடு நான்கு பொருள்களை ஒருங்கே மாற்றினால், குணமானாலும் எதனாற் குணமானது என்று தெரியாது. பெளதிக ஆய்வுகூடத்தில் ஒரு மாணவன் இப்படிச் செய்தால் அவனை நான் சும்மா விடுவேனா?

வெட்கத்தை விட்டு மூளாய்க்குத் திரும்பினேன். வேலைத்தலத்துக் கதையை நான் சொல்லத் தொடங்க, அண்ணை கையால் மறித்தார்.

"தெரியும் தம்பி. புதுப் பிளக்கைக் கண்டனான்தானே. அதை விடு. இது எப்ப துவங்கினது?"

எரிபொருட் பங்கீட்டுக் காலத்திலிருந்து பெற்றோற் கணக்கை ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிவருகிறேன். எடுத்துப் பார்த்தோம். கியூஆர் பங்கீடு 2023 செப்ரெம்பர் 1ஆம் திகதி நீங்கியது. அடுத்த நாளே நான் தாங்கியை நிரப்பியிருக்கிறேன். 2022இல் வரிசையிற் கிடந்து பட்ட பாட்டினால், அதன்பின் தாங்கியை எப்போதும் நிறைத்தே வைக்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. நின்ற நாள்கள் யாவும் தாங்கி நிறைந்த நாள்கள். மூன்றும் நான்கும் லீற்றராக வாங்கி ஓடிய காலத்தில் ஒருநாளாவது நிற்கவில்லை.

அண்ணை ஒன்றும் பேசாமற் காரின் பின்பக்கம் சென்றார். "இந்தப் பூட்டு மூடி எப்ப போட்டது?"

2022 ஜூலையில் என்றேன்.

இருவரும் புறப்பட்டோம். பாலத்தில் வழக்கம்போல் எஞ்சின் நின்றது. வேறெதையும் தொடாதே என்று சொல்லி, திறப்பை வாங்கிக்கொண்டு இறங்கி மூடியைத் திறந்தார். 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது. நான் சுவிச்சைப் போட்டதும், முன்னே பம்ப் ஆசையோடு தண்ணீர் குடிக்கும் கன்று போல 'டிக் டிக்' என்று அடிக்கத் தொடங்கியது. ஒரு நிமிடங்கூடக் காத்திராமல் எஞ்சின் ஓடிற்று.

பழைய மூடியிற் காற்றுப் புகச் சிறு துவாரம் உண்டு. பூட்டு மூடியில் இல்லை. பெற்றோல் வெளியேற வெளியேறத் தாங்கியினுள் அமுக்கம் குறைந்து, ஓர் எல்லைக்குமேற் பம்பினால் இழுக்க முடியாமற் போகிறது. சிறு ஒடுக்குகளால் மெல்லமெல்லக் காற்றுப் புக, பத்து நிமிடத்தில் மறுபடி இழுக்கிறது. பால்ரின்னில் ஏன் இரண்டு ஓட்டை போடவேண்டும் என்று ஆண்டுதோறும் ஒன்பதாம் வகுப்பிற் கேட்பவன் நான்!

"நிறைஞ்சிருந்தால் ஏன் கெதியா நிக்குது?" என்று அண்ணை கேட்டார். என் படிப்புக்கு அப்பொழுதுதான் ஒரு வேலை கிடைத்தது. நிறைந்த தாங்கியில் மேலேயுள்ள காற்று மூன்று லீற்றர் என்று வைத்துக்கொண்டால், முந்நூறு மில்லிலீற்றர் பெற்றோல் போனதுமே அமுக்கம் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு விழுந்துவிடும். காற்று இருபது லீற்றராயின் அதே வீழ்ச்சிக்கு இரண்டு லீற்றர் போகவேண்டும். அதற்குள் யாழ்ப்பாணம் வந்துவிடும். அவர் தலையை ஆட்டிக் கேட்டார். பின்பு மூடியைக் கையில் உருட்டியபடியே,

"ஆருக்குப் பயந்து பூட்டினனீர் தம்பி?" என்றார்.

சொல்ல வேண்டியிருந்தது. 2022இல் அவருடைய கராச்சில் இருமுறை காரை விட்டபோது பெற்றோல் குறைந்ததாக அளவுகாட்டி காட்டியது. அங்கே வேலை பழகிய பையனை நினைத்துத்தான் அந்த மூடியை வாங்கினேன். தாங்கியை இறக்கியபோது, அளவுகாட்டியின் மிதவை வெடித்து அதற்குட் பெற்றோல் புகுந்திருந்ததைப் பட்டணத்து வேலைத்தலத்தார் காட்டினார்கள். மிதவை அமிழ்ந்ததால் முள் இறங்கியிருக்கிறது; பெற்றோல் குறையவே இல்லை. அது தெரிந்தபிறகும் நான் வந்து சொல்லவில்லை.

அண்ணை கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அவன் இப்ப கட்டாரிலை. நல்ல பெடியன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கராச்சுக்குத் திரும்பியதும் மூடியிலே மிக நுண்ணிய துளை ஒன்றைத் துளைத்தார். நான் நீட்டிய பணத்தில் நூறு ரூபாவை மட்டும் எடுத்துக்கொண்டார். துளைத்த மூடியை நான் பூட்டவில்லை. மேசை இழுப்பறையிற் கிடந்த பழைய மூடியைத் தேடியெடுத்துப் போட்டிருக்கிறேன்.

அடுத்த மாதம் தாங்கி நிறையப் பெற்றோலோடு அம்மாவை ஏற்றிக்கொண்டு போனேன். பொன்னாலைப் பாலத்தைக் கடந்து கரையேறியபோது அம்மா பின்னாலிருந்து கேட்டார்: "இண்டைக்கு நிக்கேல்லையோ? அதிலை நல்ல காத்து வாறது."