சில்லுப் பூண்ட மேசை

எழுதுவதற்கு மேசை இன்றியமையாதது என்னும் எண்ணம் தமிழர்க்கு மிகப் பழையதன்று. மேசை, கதிரை என்னும் சொற்களே போர்த்துக்கேயர் வழியாக வந்தவை. ஏடெழுதியோர் ஓலையை இடக்கையில் ஏந்தி, வலக்கை எழுத்தாணிக்கு இடக்கைப் பெருவிரலை அணைகொடுத்து, எழுத எழுத ஓலையையே நகர்த்தினர். திண்ணையும் மரநிழலும் அவர்க்குப் போதுமாயிருந்தன. காகிதமும் மைக்கூடும் வந்தபின் எழுதுவோன் ஓரிடத்தில் அமர்ந்தான். அவ்வாறு நிலைகொண்ட மேசைக்கு இன்று சில்லுகள் முளைத்திருக்கின்றன. மடிக்கணினியைத் தாங்கும் பலகை, உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஏற்ற தண்டு, கீழே நான்கு சில்லுகள்: இதுவே நகரும் பணிமேசை. நோயாளரின் படுக்கைதோறும் கணினியைத் தள்ளிச் செல்லும் தாதியர்க்குப் பல நாடுகளில் இது பழகிய பொருள்.

இத்தகைய மேசைக்குக் கனகராயன்குளத்தில் என்ன வேலை? வினா நியாயமானதே. ஆயின், கண்டி வீதியில் புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையேயுள்ள இவ்வூரின் வீடுகளுள் புகுந்து பார்ப்போர்க்கு விடை தானே புலப்படும். போரின் பின் வன்னியில் எழுந்த வீடுகள் சிறியன; 2012 இல் விரிவாகத் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தின் வீடொன்று ஏறத்தாழ 550 சதுர அடியே. அதனுள் படுக்கையும் நெல்மூடையும் சாமிப்படமும் இடம்பெற்றபின் படிப்பறைக்கு இடமேது?

2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டு, விரிவுரைகள் கணினி வழியே நிகழத் தொடங்கின. கலைப்பீட மாணவி ஒருத்தி அவ்வூரிலுள்ள தன் வீட்டுக்குத் திரும்பினாள். அறைக்குள் அலைவரிசை கிடைப்பதில்லை. விறாந்தையில் கிடைத்தால் நண்பகல் வெயில் திரையை மறைக்கும். கடையில் விற்கும் பணிமேசையின் விலையோ எட்டாதது. ஊரில் இரும்பு ஒட்டுபவர் ஒருவர் சதுரக் குழாயொன்றினுள் மற்றொன்றைச் செருகி, துளைகளிட்டு, ஆணியால் நிறுத்தும் மேசையொன்றை ஆக்கித் தந்தார். முதலிற் பூட்டிய சிறு சில்லுகள் வாசற்படியிலும் முற்றத்து மணலிலும் சிக்கின, பெரியவை பூட்டப்பட்டன. மேல்பாரத்தால் கவிழாதிருக்க அடிச்சட்டம் அகலமாக்கப்பட்டு, அதன்மேல் இரண்டு செங்கற்களும் வைக்கப்பட்டன.

மடிக்கணினியில் ஒரு குறையுண்டு. திரையும் விசைப்பலகையும் ஒன்றாயிருத்தலால், கைக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் கழுத்து குனியும். கண்ணுக்கு ஏற்ப உயர்த்தினால் தோள் தூக்கும். தனி விசைப்பலகையொன்றைத் தாழ்வான சிறு பலகையில் வைத்தபோதே அம்மேசை முழுமை பெற்றது. காலையில் விறாந்தை, நண்பகலில் வேம்பின் நிழல், மாலையில் தம்பி விளக்கின்கீழ்ப் படிக்கும் மூலை என அது வீடெங்கும் உலாவியது. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் தடைப்பட்ட காலத்தில், இரவில் எந்நேரம் மின் வந்தாலும் உறங்குவோரை எழுப்பாது செருகியின் அருகே அதைத் தள்ளிச் செல்ல முடிந்தது.

எனினும் தாய்க்கு அம்மேசை பிடிக்கவில்லை. "சில்லுப் பூட்டின சாமான் வீட்டிலை நிக்காது, பிள்ளை" என்பாள். அவள் சொல் வெறும் மூடநம்பிக்கையன்று. 2008 இன் பிற்பகுதியில் போர் நெருங்கியபோது வன்னி மக்கள் உழவு இயந்திரத்திலும் மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் கூரைத் தகரங்களையும் கதவுகளையும் ஏற்றிக்கொண்டு கிழக்கு நோக்கிச் சென்றனர். இடந்தோறும் பாரம் குறைந்தது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது பலரிடம் உடுத்த உடையே எஞ்சியது. அத்தலைமுறைக்குச் சில்லென்பது போக்கின் அடையாளம். திரும்பி வருதலின் அடையாளமன்று.

மகள் மறுத்துரைக்கவில்லை. ஒவ்வோர் இரவும் மேசையைத் தாயின் கட்டிலருகே கொண்டுவந்து, இரு சில்லுகளின் பிறேக்கையும் காலால் அழுத்திப் பூட்டிவைத்தாள். நாளடைவில் தாயே தன் மருந்துக் குப்பிகளையும் மூக்குக்கண்ணாடியையும் அதன் ஓரத்தில் வைக்கத் தொடங்கினாள்.

அசைவு என்பது ஒன்றேயாயினும், துரத்தப்பட்டு அசைதல் வேறு. வேண்டிய நிழலைத் தேடித் தானே அசைதல் வேறு. முன்னதில் நிற்குமிடத்தைப் பிறர் தீர்மானிப்பர். பின்னதில் தீர்மானிப்பது தன் காலடியிலுள்ள பிறேக்கே. தனக்கென ஓர் அறை வாய்க்காத மாணவர்க்கு இச்சிறு மேசை அளிக்கும் உரிமை அதுவே. அதனை ஆடம்பரமென்று ஒதுக்குதல் பொருந்தாது.