சர்க்கரை ஆலையில் ஒரு சல்லடை

கரும்பு தின்னக் கூலி வேண்டுமோ என்பது நம் நாட்டுப் பழமொழி. தின்பதற்குக் கூலி வேண்டாமெனினும், அதனைப் பிழிந்து, காய்ச்சி, வெண்மணியாக்கி மூட்டையிலிடுவதற்குள் எத்தனை பேருடைய உழைப்பும் எத்தனை விதமான கருவிகளும் வேண்டியிருக்கின்றன என்பதை ஆலைக்குள் சென்று பார்த்தவரே அறிவர். இக்கல்லூரியில் ரசாயன சாஸ்திரம் பயின்று பட்டம் பெற்ற யான், 1987ஆம் ஆண்டில், அந்நாளைய தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்த ஒரு சர்க்கரை ஆலையின் பரிசோதனைச் சாலையில் உத்தியோகம் ஏற்றேன். அங்கே ஒரு சல்லடைத் தகட்டினால் யான் பெற்ற படிப்பினையையும், என் பேனாவினால் ஒரு முதியவருக்கு நேர்ந்த தீங்கையும், அத்தகைய தகட்டிலே இந்நாளில் ஒளிக்கதிரால் துளையிடும் விதத்தையும் நம் மாணவர்கள் அறியுமாறு எழுதத் துணிந்தேன்.

கரும்பு உருளைகளிடையே நசுங்கிச் சாறும் சக்கையுமாகப் பிரிகின்றது. சக்கை கொதிகலனுக்கு விறகாகின்றது. சாறு சுண்ணாம்பினால் தெளிவிக்கப்பெற்று, நீர் வற்றிப் பாகாகி, பின்னர் ‘பான்’ எனப்படும் காற்றகற்றிய பெருங்கலத்தினுள் மணியாக உறைகின்றது. ஒரு முறை காய்ச்சியதில் மணி முழுவதும் வந்துவிடுவதில்லை. மணியை நீக்கி எஞ்சிய பாகை மீண்டும் காய்ச்சி, அதிலும் எஞ்சியதை மூன்றாம் முறையும் காய்ச்சுவர். மூன்றாம் முறைக்குப் பின்னும் உறையாது நிற்கும் கருநிறப் பாகே மொலாசஸ். அது சாராய வடிசாலைக்குச் செல்வது. அதனுடன் செல்லும் சர்க்கரை ஆலைக்குத் திரும்ப வருவதில்லை.

மணியையும் பாகையும் பிரிப்பது சென்ட்ரிபியூகல் என்னும் சுழல் யந்திரம். மூன்றாந்தரக் குழம்புக்கு அமைந்த யந்திரம் வாய் அகன்ற கூம்புக் கூடை போன்றது. நிமிஷத்திற்கு ஏறக்குறைய 2000 முறை சுழல்வது. கூடையின் உட்புறத்தில் மெல்லிய சல்லடைத் தகடு பதிந்திருக்கும். குழம்பு அதன்மேல் விழுந்து பரவ, பாகு துளைகளின் வழியே வெளியே தெறிக்கின்றது. மணிகள் தகட்டின்மீது ஊர்ந்து மேலேறி விளிம்பைக் கடந்து வீழ்கின்றன. இத்தகட்டின் துளைகள் வட்டமல்ல. சிறு கீறல் போன்றவை. அவற்றின் அகலம் பெரும்பாலும் 0.06 மில்லிமீட்டர், நம் தலைமயிரின் பருமனை ஒத்தது. மூன்றாந்தர மணிகளோ ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் அளவின. மணி இப்பால் நிற்பதும் பாகு அப்பால் போவதும் இந்த மயிரிழை வேற்றுமையைப் பொறுத்தனவே.

யான் வேலையேற்ற இரண்டாவது அரவைப் பருவத்தின் நடுவில், மொலாசஸின் சுத்தம் நாளுக்கு நாள் ஏறலாயிற்று. சுத்தம் என்பது, கரைந்துள்ள பொருள் 100 பங்கில் சர்க்கரை எத்தனை பங்கு என்னும் கணக்கு. சரக்கிலே சுத்தம் மிகுவது நன்மை. கழித்துவிடும் பாகில் மிகுவதோ நஷ்டம். மேலதிகாரி காரணம் கேட்டார். யானோ இளைஞன், புத்தகத்தில் படித்தது மனத்தில் பசுமையாக இருந்தது. பானில் மணி சீராக வளராவிடில் பொடிமணி மிகும், பொடிமணி சல்லடை வழியே ஓடிவிடும் என்பது பாடம். ஆகவே பான் காய்ச்சும் முதியவரின் கவனக்குறைவே காரணமென்று தினசரிக் குறிப்பேட்டில் அவர் பெயரையும் இட்டு எழுதிவிட்டேன். மறுநாளே அவரைப் பான் மேடையினின்றும் இறக்கி, மூட்டை அடுக்கும் கூடத்திற்கு அனுப்பினர்.

அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பானருகில் நின்றவர். கண்ணாடித் துண்டில் ஒரு துளிக் குழம்பைத் தடவி விளக்கிற்கு நேரே பிடித்துப் பார்த்தே மணியின் நிலையைச் சொல்லவல்லவர். கோபங்கொள்ளாமல் என்னிடம் வந்து, “ஐயா, நான் இறக்கிய குழம்பில் மணி நன்றாகத்தான் இருந்தது. அது எந்த வழியாகப் போயிற்று என்று ஒருமுறை பாருங்கள்” என்று மட்டும் கூறிச் சென்றார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

காலையில், முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்தேன். சுழல் யந்திரத்தினுள் செல்லுமுன் குழம்பில் சிறிது எடுத்து, அழுத்தத்தினால் பாகை மட்டும் வடிகட்டி, அதன் சுத்தத்தை அளந்தேன். பின்பு யந்திரத்தினின்றும் வெளிவந்த மொலாசஸை அளந்தேன். இரண்டிற்கும் சிறிது வேற்றுமை இருத்தல் இயல்பு. யந்திரத்தில் தெளிக்கும் நீரிலும் நீராவியிலும் சிறிதளவு மணி கரைந்தே தீரும். ஆனால் யான் கண்ட வேற்றுமை இயல்பிற்கு மிகவும் மேற்பட்டதாயிருந்தது. பானில் பிழையிருப்பின் முதல் அளவே உயர்ந்திருக்கும், அல்லது குழம்பிலே பொடிமணி மிகுந்திருக்கும். முதல் அளவோ சரியாக இருந்தது. நுண்ணோக்கியின் கீழ் வைத்த குழம்பிலும் மணிகள் சீராகவே இருந்தன. மொலாசஸை வைத்தபோதோ, அதில் இருக்கத்தகாத மணிகள் பல தெரிந்தன. யந்திரத்தை நிறுத்தித் தகட்டைக் கழற்றுவித்தோம். வெறுங்கண்ணுக்கு அது பழுதற்றதாகவே தோன்றியது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க, கீறல்களின் ஓரம் தேய்ந்து, பல இடங்களில் அகலம் இரண்டு மூன்று மடங்காக விரிந்திருந்தது. குற்றவாளி அகப்பட்டது, அது முதியவரல்லர்.

இதனால் ஆலைக்கு நேரும் நஷ்டத்தை ஒருவாறு கணக்கிடுவோம். நாளொன்றுக்கு 2500 டன் கரும்பு அரைக்கும் ஆலையில், 100 டன் கரும்பிற்கு 4.5 டன் வீதம் மொலாசஸ் வருவதாகக் கொண்டால், நாளொன்றுக்கு 112 டன்னுக்கு மேல் ஆகும். அதன் சுத்தம் 33இலிருந்து 34ஆக ஓர் அளவே உயர்ந்தாலும், ஏறத்தாழ ஒன்றரை டன் சர்க்கரை நாள்தோறும் மொலாசஸுடன் போய்விடுகின்றது. 100 நாள் அரவைக்கு அது 150 டன். இது முதலாளியின் நஷ்டம் மட்டுமன்று. அரசினர் நிர்ணயிக்கும் கரும்பு விலை, அந்நாளிலும் இந்நாளிலும், பிழிதிறனைத் தழுவியே அமைவது. எனவே வண்டியோடு ஆலை வாயிலில் இரவெல்லாம் காத்துக்கிடக்கும் குடியானவரின் வரும்படியும் அத்துளையின் வழியே சிறிது ஒழுகுகின்றதென்பதை மறத்தலாகாது.

அந்நாளில் இத்தகடுகள் நிக்கலால் ஆனவை. மின்சாரத்தின் உதவியால் நிக்கலை ஓர் அச்சின்மேல் படியவைத்து, துளைகளுடனேயே உரித்தெடுப்பர். இம்முறையில் நுண்ணிய துளை ஒழுங்காக அமையும். ஆயினும் தகடு தடிக்கத் தடிக்கத் துளை சுருங்கும். ஆதலின் மூன்றிலொரு மில்லிமீட்டர் அளவிலே தடிப்பை நிறுத்த வேண்டியதாகின்றது. நிக்கல் மெத்தென்றது, சர்க்கரை மணியோ கூரிய முனையுடையது. எனவே அதன்மேல் குரோமியம் பூசுவர். அப்பூச்சுத் தேய்ந்தபின் நிக்கல் விரைந்து அரிக்கப்படும். குழம்புடன் ஒரு சிறு மரையாணியோ இரும்புத் துணுக்கோ வந்து விழுந்தாலும் தகடு கிழிந்துபோம். யாம் புதிய தகட்டை மாட்டியவுடன் மொலாசஸ் தன் பழைய நிலைக்கு இறங்கியது. எனினும் அத்தகடும் நாளடைவில் தேய்ந்தது. தேய்வதும் மாற்றுவதுமாகவே பல பருவங்கள் கழிந்தன.

பின்னாளில் வந்ததே லேசர்க் கதிரால் துளையிட்ட எஃகுத் தகடு. இக்கதிரின் மூலதத்துவத்தை ஐன்ஸ்டைன் 1917ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். 1960ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் தேதி, அமெரிக்காவில் தியோடர் மைமன் என்பவர் மாணிக்கக் கல்லொன்றைக் கொண்டு அதனை முதன்முதல் தோற்றுவித்தார். 1965ஆம் ஆண்டிலேயே, கம்பி இழுக்கும் வைர அச்சுகளில் துளையிடும் தொழிலுக்கு அது பயன்படலாயிற்று. இடையில் 1964ஆம் ஆண்டில், உலோகங்களை வெட்டுவதற்குப் பின்னர் மிகவும் பயன்பட்ட கரியமிலவாயு லேசரை அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் கண்டறிந்தவர் குமார் படேல். அவர் பிறந்த ஊர் மகாராஷ்டிரத்திலுள்ள பாராமதி. அது கரும்பு விளையும் சீமை என்பதை எண்ணுந்தோறும் எனக்கு ஓர் உவகை உண்டாகின்றது.

இக்கதிரை ஆடியினால் ஒரு புள்ளியிற் குவித்து, கணநேரத் துடிப்புகளாகச் செலுத்தினால், அவ்விடத்து உலோகம் உருகி ஆவியாகித் துளை உண்டாகின்றது. உலோகத்தை எந்த உளியும் தொடுவதில்லை. ஆகையால் மழுங்குவதற்கு முனையும் இல்லை. நம் வீட்டுப் பாத்திரங்களால் நாம் எவர்சில்வர் என்றறிந்த துருவேறா எஃகை, முதலில் வேண்டிய தடிப்பிலும் உறுதியிலும் தெரிந்துகொண்டு, பின்னர் துளையிடலாம் என்பது இம்முறையின் பெருநன்மை. மேலும், கதிர் இடும் துளை நுழையும் பக்கத்தில் சற்று அகன்றும் வெளிப்படும் பக்கத்தில் குறுகியும் இருத்தல் இயல்பு. குறுகிய பக்கத்தைக் குழம்பை நோக்கி வைத்தால், வாயில் நுழைந்த பொருள் நடுவிலே சிக்கி அடைக்காமல் அகன்ற வழியே போய்விடும்.

எங்கள் ஆலைக்கு அத்தகடு வந்தபோது, விலையைக் கேட்டுப் பலரும் தயங்கினர். மாட்டிய பின்னர், நிக்கல் தகட்டை வழக்கமாக மாற்றும் காலம் வந்ததும் அதனைக் கழற்றி, அதே நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். துளைகளின் ஓரம் கெடாதிருந்தது, திரும்பவும் மாட்டுவித்தோம். ஆயினும் ஒன்று கூறுவேன். எஃகுத் தகடு எல்லாக் குறைகளையும் தீர்க்கும் மந்திரமன்று. பானில் மணி கெட்டால் எந்தச் சல்லடையும் அதனைத் திருத்தமாட்டாது. நீரை அளவின்றித் தெளித்தால் எந்தத் துளையும் கரைந்த சர்க்கரையைத் தடுக்கமாட்டாது. கருவி நன்றாயிருந்தால் பிழை எங்குள்ளதென்பது விரைவில் விளங்கும், அவ்வளவே.

முதியவரைப்பற்றிய செய்தி எஞ்சி நிற்கின்றது. தேய்ந்த தகட்டைக் கண்ட அன்றே, முன்பு எழுதிய அதே குறிப்பேட்டில், “பான் காய்ச்சியவரிடம் பிழையில்லை, பிழை சல்லடையினது, விசாரியாது எழுதியது என் தவறு” என்று எழுதிக் கையொப்பமிட்டு, மேலதிகாரியிடம் நேரில் கொடுத்தேன். பத்து நாட்களாக மூட்டை சுமந்த அவர் மறுநாள் மேடைக்குத் திரும்பினார். யான் அவரிடம் சென்று, “பெரியவரே, என்னை மன்னிக்க வேண்டும்” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடித் துண்டில் குழம்பைத் தடவி என் கையிற் கொடுத்து, விளக்கைக் காட்டினார். அன்று முதல் அவர் ஓய்வு பெறும்வரை, மணி பார்க்கும் வித்தையை அவரிடமே பயின்றேன்.

அன்புள்ள மாணவர்காள்! உங்களிற் சிலர் நாளை ஆலைகளிலும் பரிசோதனைச் சாலைகளிலும் அமர்ந்து, பிறருடைய வேலையைப்பற்றிக் குறிப்பெழுதும் நிலையை அடைவீர்கள். நமது கல்லூரித் தாவரசாஸ்திரச் சாலையில், வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கப் பழகிய நாளில், அது எதற்குப் பயன்படுமென்று யான் சலித்ததுண்டு. அப்பழக்கமே பின்னாளில் ஒரு முதியவரின் நற்பெயரை மீட்டுத் தந்தது. சற்று முந்தியே அதனைக் கையாண்டிருந்தால் அவர் பெயர் கெட்டிருக்கவே வேண்டாம். குறிப்பேட்டில் ஒருவர் பெயரை எழுதுமுன், எழுந்து சென்று தகட்டைக் கழற்றிப் பாருங்கள்.